ஒரு கிலோமீட்டருக்குள் வீடு! எல்.கே.ஜி. சீட்டுக்காக வீடு மாறிய ஆட்டோ டிரைவர் குடும்பத்தின் கதை

சென்னை-

(நமது நிருபர்)

"தண்ணி வருமா, கக்கூஸ் தனியா பொதுவா, எதையுமே கேக்காம ஸ்கூல் எத்தினி மீட்டர்னு கேக்குறியே தம்பி! நீ குடியிருக்கப் போறியா, படிக்கப் போறியா?"

வீட்டு புரோக்கர் இப்படிக் கேட்டதும் ஆட்டோ டிரைவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. தலையைச் சொறிந்தார். அவருடைய மனைவிதான் பட்டென்று சொன்னார்.

"படிக்கத்தாண்ணே வூடு பாக்குறோம்."

இது நடந்தது 2025 ஜனவரியில். அயனாவரத்தில் ஒரு சந்து. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி வீட்டிலிருந்தபடி ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். குடியிருந்தது புளியந்தோப்பில். மூத்தவள் மாநகராட்சிப் பள்ளியில் 2-வது படித்தாள். இளையவன் பையன். 2022 மார்ச்சில் பிறந்தவன்.

இந்தப் பையனுக்காகத்தான் இத்தனை அலைச்சலும்.

நான் இவர்களை அறிந்தது சவாரியில். அவருடைய ஆட்டோவில் தினமும் தொங்கிக்கொண்டு போகிறவர்களில் நானும் ஒருவன். "சார், நீங்க பேப்பர்காரர்தானே, இந்த ஒரு கிலோமீட்டர் சட்டம் நெசந்தானா?" என்று ஒரு நாள் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். அப்படி ஆரம்பித்தது.

நெசந்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம். தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் 100-க்கு 25 இடத்தை ஏழை எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். பீசை அரசாங்கம் பள்ளிக்குக் கட்டிவிடும். 8-வது முடிகிறவரை பிள்ளை அங்கே படிக்கலாம். எல்.கே.ஜி.யில் 40 இடம் இருந்தால் 10 இடம் இப்படிப் போகும்.

ஆனால் பிள்ளை "அக்கம்பக்கத்து" பிள்ளையாக இருக்க வேண்டும். அக்கம்பக்கம் என்றால் எவ்வளவு தூரம்? தமிழ்நாட்டு விதியில் 1 முதல் 5-வது வரை உள்ள பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர். அவ்வளவுதான்!

பள்ளியை நடுவில் வைத்து ஒரு வட்டம். வட்டத்துக்குள் குடியிருந்தால் குலுக்கலில் பெயர் சேரும். வெளியே இருந்தால் சேராது. விண்ணப்பம் கம்ப்யூட்டரில் போட வேண்டும். பிறப்புச் சான்று, சாதிச் சான்று அல்லது ஆண்டுக்கு 2 லட்சத்துக்குள் வருமானம் என்பதற்குத் தாசில்தார் சான்று, கூடவே இருப்பிடத்துக்கு ரேஷன் கார்டோ ஆதாரோ.

வழக்கமாக ஏப்ரல் கடைசியில் விண்ணப்பம் தொடங்கும். மே மாதம் குலுக்கல். 2024-ல் ஏப்ரல் 22-ல் தொடங்கி மே 20-ல் முடித்தார்கள்.

அப்படியென்றால் ஜனவரியிலேயே வீடு மாறினால்தான் மார்ச்சுக்குள் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் விலாசம் மாறும். மே மாதம் குலுக்கலில் பெயர் விழுமா என்பது யாருக்கும் தெரியாது. அட்வான்ஸ் பணம் மட்டும் ஜனவரியிலேயே கையை விட்டுப் போய்விடும்.

"புளியந்தோப்புல இந்த மாதிரி ஸ்கூலே இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்கு தம்பி. ஆனா எங்க தங்கச்சி பையன் அயனாவரத்துல படிக்கிறான். அஞ்சு வயசுல தினத்தந்தி தலைப்பையும் படிக்கிறான், இங்கிலீஷ் ரைம்ஸும் சொல்றான். பாத்ததுலேர்ந்து எனக்கு மனசு கேக்கல" என்றார் அந்த அக்கா. தவறென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தெருத்தெருவாக...

முதல் வீடு, வெளிச்சமான இரண்டு அறை. வாடகை 8 ஆயிரம். அக்காவுக்குப் பிடித்துவிட்டது. கணவர் செல்போனில் மேப்பைத் திறந்து பள்ளிக்கூடத்தைத் தொட்டார். 1.2 கிலோமீட்டர்! நடுவில் ஓட்டேரி நல்லா கால்வாய் வேறு. வேண்டாம் என்று இறங்கினார்கள்.

இரண்டாவது வீடு 980 மீட்டர். தப்பித்தோம் என்று மூச்சு விட்டபோது வீட்டுக்காரர் சொன்னார்: "ஆட்டோவ வாசல்ல நிறுத்தக் கூடாது." ஆட்டோக்காரர் ஆட்டோவை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்?

மூன்றாவது வீட்டுக்குப் பக்கத்திலேயே கான்வென்ட். கூப்பிடு தூரம். புரோக்கர் பெருமையாகக் காட்டினார். "ஸ்கூல் ஏரியா. ஆயிரம் ரூபா கூடத்தான் இருக்கும்."

இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் கிடையாது. சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சென்னையில் பேர்போன கான்வென்டுகள் பல அந்தக் கணக்கில் வரும். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அட்வான்ஸ் எண்ணி வைத்த பிறகு பள்ளி வாசலில் வாட்ச்மேன் சொல்லித் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய கொடுமை! நல்லவேளை, அக்காவின் தங்கை முன்பே எச்சரித்திருந்தார்.

நான்காவது வீடு. முதல் மாடியில் ஒரு போர்ஷன். ஒரு அறை, சமையல் கட்டு. கக்கூஸ் பொது. மேப்பில் பார்த்தால் 640 மீட்டர்.

வாடகை 9,500. அட்வான்ஸ் 50 ஆயிரம்.

வாடகைச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2017-ல் போட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. இதை நான் சொன்னதும் ஆட்டோக்காரர் சிரித்தார். "சட்டத்த சொன்னா வூடு இல்லைன்னுடுவாங்க சார்."

அதைவிடப் பெரிய வில்லங்கம் அடுத்து வந்தது. வீட்டுக்காரம்மா அக்ரிமெண்ட் எழுதித் தர மாட்டேன் என்றார். "அதெல்லாம் பழக்கமில்ல. வாடகை குடுங்க, இருங்க." அக்ரிமெண்ட் இல்லாமல் ஆதாரில் விலாசம் எப்படி மாறும்? விலாசம் மாறாவிட்டால் 640 மீட்டரில் குடியிருந்து என்ன பிரயோஜனம்? அக்கா மூன்று நாள் நடந்தார். கடைசியில் வீட்டுக்காரம்மாவின் மருமகளுக்கு நாலு ஜாக்கெட் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்த பிறகு 11 மாத அக்ரிமெண்டில் கையெழுத்து விழுந்தது!

"அட்ரஸ் மட்டும் போதுமா?"

இந்த அலைச்சலுக்கு நடுவே ஒரு ஆசாமி குறுக்கே வந்தார். டீக்கடையில் வைத்துக் காதோடு காதாகச் சொன்னார். "எதுக்கு வூடு மாறி கஷ்டப்படுறே? என் மச்சான் வூட்டு அட்ரஸ்ல அக்ரிமெண்ட் போட்டுத் தரேன். அஞ்சாயிரம் குடு. நீ பாட்டுக்கு புளியந்தோப்புலயே இரு."

ஆட்டோக்காரருக்கு ஆசை வந்தது. ஒளிக்காமல் என்னிடமே சொன்னார். யாருக்குத்தான் வராது? ஐயாயிரம் எங்கே, ஐம்பதாயிரம் எங்கே!

ஆனால் நான் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து செய்தி எழுதுகிறவன். பொய்ப் பத்திரம் கொடுத்து மாட்டிக்கொண்டால் சீட்டு போவதோடு நிற்காது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் போர்ஜரிக்கு ஜெயில் அப்படியே இருக்கிறது. இதைச் சொன்னேன். அவர் மனைவி அதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "புள்ளைய படிக்க வைக்கிறதே பொய்யில ஆரம்பிச்சா எப்படிங்க" என்றாராம்.

பள்ளிக்கூடத்துக்காக வீடு தேடும் பைத்தியம் நமக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் நம் தமிழர்களும் இதே ஒரு கிலோமீட்டர் கணக்கோடுதான் வீடு பார்க்கிறார்கள். அங்கே முதலாம் வகுப்பில் கூட்டம் மிஞ்சினால், ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு முன்னுரிமை, அதற்கடுத்து இரண்டு கிலோமீட்டர். ஆனால் விலாசத்தைக் காட்டிச் சீட்டு வாங்கினால் அந்த வீட்டில் 30 மாதம் கட்டாயம் குடியிருந்தாக வேண்டும். வாங்கியதும் மூட்டை கட்ட முடியாது.

அமெரிக்காவில் இன்னும் மோசம். ஓஹையோ மாநிலத்தில் ஒரு தாய் தன் இரண்டு பெண்களையும் நல்ல பள்ளியில் சேர்க்கத் தன் தகப்பனார் வீட்டு விலாசத்தைக் கொடுத்தார். பள்ளி நிர்வாகம் துப்பறிவாளரை வைத்துப் பின்தொடர்ந்து கண்டுபிடித்தது. கேஸ் நடந்து 2011-ல் அந்தத் தாய் 9 நாள் ஜெயிலில் இருந்தார். நாடே பேசிய பிறகு கவர்னர் தலையிட்டு குற்றத்தின் கடுமையைக் குறைத்தார். நகை திருடவில்லை, பணம் திருடவில்லை. பள்ளிக்கூடத்தைத் திருடிவிட்டாராம்!

அயனாவரத்துக்கே வருவோம்.

துண்டுக் காகிதத்தில் கணக்கு

தை பிறந்து பொங்கல் முடிந்ததும் சாமான்களை மினி லாரியில் ஏற்றினார்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 9,500. வண்டிக்கு 2,500. பழைய வீட்டு அட்வான்ஸ் 20 ஆயிரத்தில் வெள்ளையடிக்க என்று 5 ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 15 ஆயிரம் கொடுத்தார்கள். மீதிக்கு 30 ஆயிரம் கடன். மூன்று வட்டி. மாதம் 900.

ஒரு நாள் சவாரி இல்லாத நேரத்தில் அவரும் நானும் டிக்கெட் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

பழைய வாடகை 6 ஆயிரம். புது வாடகை 9,500. மாதம் 3,500 கூட. வருஷத்துக்கு 42 ஆயிரம். அந்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் எல்.கே.ஜி. பீஸ் வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து 38 ஆயிரம்.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இலவச சீட்டுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் வாடகை, பீசைவிட 4 ஆயிரம் அதிகம்! வட்டியைச் சேர்த்தால் இன்னும் மேலே போகும். "சீட்டு கிடைச்சதும் ஒரு வருசத்துல திரும்ப புளியந்தோப்புக்கே போயிடலாம்னு நெனச்சேன் சார்" என்றார். எட்டாவது வரைக்கும் பீஸ் இல்லை என்று பார்த்தால் லாபம்தான். ஆனால் அது சீட்டு கிடைத்தால். 10 இடத்துக்கு எத்தனை பேர் வட்டத்துக்குள் வந்து குடியேறியிருக்கிறார்களோ!

இன்னொரு கணக்கும் உண்டு. ஆண்டு வருமானம் 2 லட்சம் என்றால் மாதம் 16,666 ரூபாய். அந்த வருமானச் சான்றை நம்பி வீடு தேடுகிறவர் 9,500 வாடகை கொடுத்தால் மீதி 7 ஆயிரத்துச் சொச்சத்தில் நாலு ஜீவன் சாப்பிட வேண்டும். சட்டம் எழுதியவர்கள் வாடகை ரசீதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூத்தவள் கதை என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. அவள் பள்ளி புளியந்தோப்பில் பழைய வீட்டுக்கு எதிர்த் தெருவில். நடுவில் பள்ளியை மாற்ற வேண்டாம் என்று அப்பா தினமும் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். மாநகராட்சிப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி உண்டு. 2022-ல் தொடங்கிய திட்டம். கிச்சடி, பொங்கல், உப்புமா என்று நாளுக்கு ஒன்று. அயனாவரத்திலிருந்து கிளம்பி நெரிசலில் மாட்டினால் சிற்றுண்டி நேரம் போய்விடும். பல நாள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்தாள்.

"தம்பிக்கு ஸ்கூல் பக்கம். எனக்கு மட்டும் தூரம்" என்று சொன்னாளாம். அக்கா இதைச் சொல்லும்போது தையல் மிஷினை நிறுத்திவிட்டார்.

ஏப்ரல் வந்தது. அறிவிப்பு வரவில்லை!

ஆதார் மாறிவிட்டது. ரேஷன் கார்டும் மாறிவிட்டது. சான்றுகளை எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரெடியாக வைத்திருந்தார்கள். ஏப்ரல் 20 ஆனது. 25 ஆனது. இ-சேவை மையத்துக்குப் போய்க் கேட்டால் "இன்னும் ஓப்பன் ஆகல" என்றார்கள். மே முழுக்க இதே பதில்.

விஷயம் டெல்லியில் இருந்தது. கல்விக்கு மத்திய அரசு தரும் சமக்ர சிக்ஷா நிதி தமிழ்நாட்டுக்கு வரவில்லை. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போட மாநில அரசு மறுத்தது. போட்டால்தான் நிதி என்றது மத்திய அரசு. 25 சதவீதப் பிள்ளைகளுக்கான பீஸ் பணமும் அதற்குள் மாட்டிக்கொண்டது. வழக்கு ஐகோர்ட்டுக்குப் போனது. கல்வி உரிமைச் சட்டப் பணத்தை மற்றதோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று 2025 ஜூனில் ஐகோர்ட்டு சொன்னது. பணம் அப்போதும் வரவில்லை.

இதற்கிடையே பள்ளியில் கேட்டார்கள்.

"சீட்டு வேணும்னா இப்ப பீஸ் கட்டிச் சேருங்க. கவர்மெண்ட் அறிவிச்சா அப்பறம் பாக்கலாம்."

முதல் தவணை 18 ஆயிரம். அட்வான்சுக்கு வாங்கிய கடனே அப்படியே நிற்கிறது. அக்காவிடம் மிச்சமிருந்தது தாலிச் செயின் மட்டும். அதை அடகு வைக்கலாமா என்று இரண்டு ராத்திரி பேசினார்கள். கட்டினால் பணம் திரும்பி வரும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை.

கட்டவில்லை. காத்திருந்தார்கள்.

அதே வீட்டில் கீழ்ப் போர்ஷனில் இன்னொரு குடும்பம். கணவர் ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். அவர்களும் சீட்டுக்காக வந்தவர்கள்தான். முதலாளியிடம் முன்பணம் வாங்கிப் பெண் குழந்தைக்குப் பீசைக் கட்டிச் சேர்த்துவிட்டார்கள்.

ஜூன், ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர். 2025 அக்டோபரில் நிதி வந்தது, அறிவிப்பும் வந்தது. அக்கா கவரை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அந்த வருஷம் புது விண்ணப்பம் கிடையாது என்றார்கள். பாதி வருஷம் போய்விட்டதால், ஏற்கனவே அந்தந்தப் பள்ளியில் சேர்ந்து படிக்கிற பிள்ளைகளில் தகுதியானவர்களை 25 சதவீதத்தில் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் கட்டிய பீசைப் பள்ளி திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கீழ் வீட்டுப் பெண் உள்ளே வந்துவிட்டாள். பீஸ் கட்டப் பணம் இல்லாதவர்களுக்காகத்தான் இந்தச் சட்டம். அந்த வருஷம் மட்டும் பீஸ் கட்டப் பணம் இருந்தவருக்குத்தான் சட்டத்தின் கதவு திறந்தது. எனக்கு அதிகாரிகள் மேல் கோபம் வருவதா, டெல்லி மேல் வருவதா, யார் மேல் என்று தெரியவில்லை. யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள்.

அடுத்த வருஷம் பார்க்கலாமே என்று சொல்லத் தோன்றும். நானும் சொன்னேன். அக்கா விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31-ல் 3 வயது முடிந்து 4 முடியாமல் இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் பிறந்தவனுக்கு 2026-ல் நாலு முடிந்துவிடும். எல்.கே.ஜி.யில் ஆள் எடுக்கும் பள்ளி யு.கே.ஜி.யில் இந்தக் கோட்டாவுக்கு எடுக்காது. ஒரு பிள்ளைக்கு ஒரு தரம்தான் அந்தக் கதவு.

"அதே ஸ்கூல்ல பீஸ் கட்டிச் சேத்தா?" என்றேன்.

"9,500 வாடகையும் குடுத்துட்டா தம்பி?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் மாதமே ஒரு காரியம் செய்திருந்தார்கள். பெரியவளை அயனாவரத்திலேயே மாநகராட்சிப் பள்ளியில் 3-வதில் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து 300 மீட்டர்கூட இல்லை. அங்கே யாரும் மேப் கேட்கவில்லை. குலுக்கல் இல்லை, புரோக்கர் இல்லை. டி.சி.யைக் கொடுத்தார்கள், ஒரே நாளில் வேலை முடிந்தது. இந்தியாவில் முதன்முதலாகப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்ட இடங்களில் ஒன்று ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளி, 1920-ல். அந்த வம்சத்துப் பள்ளிதான் இதுவும். ஆகஸ்டில், காத்திருந்து அலுத்துப் போய், பையனையும் அங்கேயே எல்.கே.ஜி.யில் விட்டார்கள். டீச்சர் நல்லவர் என்கிறார் அக்கா. பையன் அழாமல் போகிறானாம்.

"இதே மாதிரி ஸ்கூல் புளியந்தோப்புல எதிர்த் தெருவுல இருந்திச்சே" என்று ஆட்டோக்காரர் ஒரு தரம் சொல்லப்போய், வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லையாம்.

திரும்பிப் போக முடியாதா? போய்ப் பார்த்தார். பழைய வீட்டில் வேறு குடித்தனம் வந்துவிட்டது. அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு 8 ஆயிரம் கேட்டார்கள். மறுபடி புரோக்கர், மறுபடி வண்டி, மறுபடி பெரியவளுக்குப் பள்ளி மாற்றம். வேண்டாம் என்று திரும்பிவிட்டார்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் காலைச் சவாரிக்குப் போய்விட்டார். புரோக்கர் கீழே நின்று யாரோ ஒரு புதுத் தம்பதிக்குத் தெருவைக் காட்டிக்கொண்டிருந்தார். "ஸ்கூல் ஏரியா" என்ற வார்த்தை மாடி வரைக்கும் கேட்டது. அக்கா எட்டிப் பார்த்தார். இறங்கிப் போய் அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை.

640 மீட்டரில் மெட்ரிகுலேஷன் பள்ளியின் முதல் மணி அடித்தது. அந்த மணி இந்த வீட்டில் நன்றாகக் கேட்கும். வீட்டில் சுவர்க் கடிகாரம் ஓடவில்லை. அந்த மணியை வைத்துத்தான் அக்கா தினமும் இரண்டு பிள்ளைகளையும் கிளப்புகிறார்.

"டேய், மணி அடிச்சிட்டான். அக்கா கைய புடிச்சிட்டு ஓடு. இன்னிக்கு பொங்கல்டி, அவ சாப்பிடணும்."

இரண்டும் படியிறங்கி ஓடின.